மகளின் கண்ணாடியைக் கழற்ற விரும்பும் பெற்றோர்களுக்கு



ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்து கிடக்கும் வேளையில், நான் வேலை பார்த்த கண் மருத்துவமனையின் லேசர் பிரிவு வாசலில் மட்டும் கூட்டம் பெருகுவது வழக்கம். ஆவணியில் முகூர்த்தம் குறிக்கப்பட்ட பெண்களும், ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட வீடுகளின் பெண்களும், தாயாருக்கும் தகப்பனாருக்கும் நடுவில் அமர்ந்து, பத்தாண்டுகளாக மூக்கின்மேல் தங்கியிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு, தங்கள் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருப்பார்கள். கண்ணின் பவரை அளந்து எழுதும் அறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் அந்த முகங்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவர்களிடம் அப்போது அரைகுறையாகச் சொன்ன விஷயங்களையும், வரிசையில் அடுத்தவர் காத்திருந்தமையால் சொல்லாமலே விட்ட விஷயங்களையும் இப்போது அவகாசத்தோடு உங்களுக்கு எழுதுகிறேன்.

கண்ணாடியைக் கழற்றவைக்கும் லேசர் சிகிச்சையை வேண்டாமென்று தடுப்பது என் நோக்கமன்று. தகுதியுள்ள கண்ணில், தேர்ந்த கையால், உரிய காலத்தில் செய்யப்படும் லேசர் சிகிச்சை, நம் காலத்து வைத்தியம் அளித்துள்ள நல்ல காரியங்களில் ஒன்று என்பதே என் அபிப்பிராயம். மைனஸ் 5 பவர் உள்ள ஒருவர், காலையில் கண் விழித்தவுடன் தலைமாட்டில் கைகளால் தடவிக் கண்ணாடியைத் தேடாமல், சுவரில் உள்ள கடிகாரத்தை நேரே பார்த்து மணி சொல்லும்போது அவர் அடையும் ஆனந்தத்தை நான் மறுநாள் பரிசோதனையில் பலமுறை பங்கிட்டுக்கொண்டிருக்கிறேன். நான் உங்களிடம் கேட்பதெல்லாம், நகை வாங்குவதற்கும் பத்திரிகை அச்சடிப்பதற்கும் நடுவில் முடித்துவிட வேண்டிய கல்யாண வேலைகளில் ஒன்றாக இதை எண்ணாதீர்கள் என்பதுதான்.

இந்த லேசர் சிகிச்சையின் பிறப்பில் நம் ஊர்க் கல்விக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949, 1950 ஆம் ஆண்டுகளில் விஞ்ஞானப் பட்டங்கள் பெற்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், நியூயார்க் மாநிலத்து யார்க்டவுன் ஹைட்ஸில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்னும் சகாக்களோடு எக்ஸைமர் லேசரைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். 1981 நவம்பரில், அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலும் நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புறஊதாக் கதிரை அதன்மேல் அவர் பாய்ச்சியபோது, சுற்றியுள்ள திசு கருகாமலும் சுருங்காமலும், கூரிய கத்தியாலும் இயலாத நேர்த்தியோடு ஒரு பள்ளம் விழுந்தது. அந்த ஒளி திசுவைச் சுட்டு எரிப்பதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ கால் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவே நீக்குகிறது. இதைக் கண்ணின் கருவிழிக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கொலம்பியா பல்கலைக்கழகத்து வைத்தியர் ஸ்டீவன் ட்ரோக்கலும் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து 1983இல் எழுதி வெளியிட்டார்கள். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில் அயோனிஸ் பல்லிகாரிஸ், கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடியைச் சீவிப் புரட்டிவிட்டு அடியில் லேசரைச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டு, அதற்கு லேசிக் என்று பெயரிட்டார்.

ஆனால் கருவிழியைத் திருத்திப் பார்வையைச் சீராக்கும் முயற்சியின் சரித்திரம் அதற்கும் மூத்தது. அதில் வெற்றியோடு துக்கமும் கலந்திருக்கிறது. ஜப்பானில் சுட்டோமு சாட்டோ என்ற வைத்தியர், 1930களின் இறுதி முதல், கருவிழியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் கீறல்கள் இட்டுக் கிட்டப்பார்வையைக் குறைத்தார். கருவிழியின் உட்புறத்தில் ஓர் அடுக்காகப் படிந்துள்ள உயிரணுக்களே அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பதும், அவை அழிந்தால் மீண்டும் பிறப்பதில்லை என்பதும் அக்காலத்தில் அறியப்படவில்லை. சிகிச்சை பெற்றவர்கள் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களில் மிகப் பலருடைய கருவிழிகள் நீர் கோத்து, வெளிறி, மங்கிப்போயின. பின்னர் மாஸ்கோவில் ஸ்வியதோஸ்லாவ் ஃபியோதரோவ் 1970களில் முன்புறத்தில் மட்டும் ஆரக்கால்போல் கீறும் முறையைப் பரப்பினார். அது அமெரிக்காவிலும் பெருவழக்காயிற்று. அந்த முறைக்கு உட்பட்ட கண்களை அமெரிக்க வைத்தியர்கள் பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்து வந்ததில், 43 சதவிகிதக் கண்கள், பவரை அளக்கும் அலகான டயாப்டரில் ஒன்றோ அதற்கு மேலோ, கிட்டப்பார்வைக்கு எதிர்த்திசையில் நகர்ந்திருக்கக் கண்டார்கள். இன்றைய லேசர் சிகிச்சை இவ்விரண்டிலும் பன்மடங்கு பத்திரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும், மறுநாள் காலையின் தெளிவைக் கொண்டு மட்டும் ஒரு கண் சிகிச்சையைத் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இவை சாட்சியாக நிற்பதால் உங்களுக்குச் சொன்னேன்.

இனி, என் தொழிலில் நான் நாள்தோறும் கையாண்ட கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். இதை அறிந்தவர்களுக்கு விளம்பரத்தின் மொழியும் மருத்துவரின் மொழியும் வேறு வேறாகத் தெரியும். கருவிழி என்பது, கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடிபோல் கண்ணின் முன்புறத்தில் வளைந்து நிற்கும் தெளிந்த படலம். கறுப்பாகத் தோன்றுவது அதன் பின்னுள்ள பாகமேயன்றிப் படலத்துக்கு நிறம் கிடையாது. அதன் நடுவில் கனம் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். கண்ணுக்குள் புகும் ஒளியை மடக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் நீளம் மிகுந்து வளர்ந்திருப்பதால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டுவதற்கு முன்பே குவிந்துவிடுகிறது; லேசர், கருவிழியின் நடுவைச் சற்றுத் தட்டையாக்கி, அந்தப் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தட்டையாக்குவது என்றால் திசுவை நீக்குவது. நீக்கிய திசு மீண்டும் முளைப்பதில்லை.

ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தில் ஒரு டயாப்டர் பவரைக் குறைப்பதற்கு ஏறத்தாழ 12 மைக்ரான் செலவாகும். அந்த வட்டத்தை ஏழு மில்லிமீட்டராக அகலப்படுத்தினால் அதே ஒரு டயாப்டருக்கு 16 மைக்ரான் ஆகும். லேசிக் முறையில் முதலில் சீவப்படும் மூடியின் கனம் 110 மைக்ரான் என்று கொள்வோம். 540 மைக்ரான் கனமும் மைனஸ் 4 பவரும் உள்ள ஒரு பெண்ணுக்கு, மூடி போகவும் லேசர் நீக்கும் 48 மைக்ரான் போகவும், அடியில் 382 மைக்ரான் தீண்டப்படாமல் எஞ்சும். இது வளமான மிச்சம். 490 மைக்ரான் கனமும் மைனஸ் 8 பவரும் உள்ள இன்னொரு பெண்ணுக்கோ, 110ம் 96ம் கழிய, எஞ்சுவது 284 மைக்ரான். அடியில் 250 மைக்ரானாவது மீந்திருக்க வேண்டும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் விதி. 300க்குக் கீழே இறங்க மனம் ஒப்பாத மருத்துவர்கள் பலர். ஆகவே ஒரே நாளில் ஒரே அறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரண்டு தோழிகளில் ஒருத்திக்குச் செய்யலாம் என்றும், மற்றவளுக்கு வேண்டாம் என்றும் மருத்துவர் சொல்வது பாரபட்சம் ஆகாது. அது கழித்தல் கணக்கு.

மிச்சம் போதாமற்போனால் என்ன நேரும் என்று கேட்பீர்கள். கண்ணுக்குள் எப்பொழுதும் ஓர் அழுத்தம் இருந்துகொண்டேயிருக்கிறது. வலுவிழந்த கருவிழி அந்த அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் சிறிது சிறிதாக முன்னுக்குப் பிதுங்கி, கூம்புபோல் ஆகிவிடும். பார்வை சிதறும், அந்தச் சிதறலைச் சாதாரணக் கண்ணாடியால் முழுதும் திருத்த முடியாது. லேசிக்கிற்குப் பின் நேரும் இந்த விபரீதத்தை ஜெர்மானிய வைத்தியர் தியோ ஸைலரும் அவரோடு இருந்தவர்களும் 1998இல் விவரித்து எழுதினார்கள். இது அபூர்வமானது என்பது உண்மை. சிகிச்சை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ சென்ற பிறகும் தலைகாட்டக்கூடியது என்பதும் உண்மை. கனம் போதுமானதாக இருந்தும், பிறவியிலேயே கூம்பாகும் ஸ்வபாவம் மறைந்திருக்கும் கருவிழிகள் உண்டு. கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கமுள்ளவர்களிடத்தில் இது மிகுதி. அதனால்தான் கருவிழியின் மேடு பள்ளங்களை வண்ணங்களால் வரைந்து காட்டும் படத்தை எடுக்காமல் எந்த நல்ல மருத்துவரும் தேதி கொடுப்பதில்லை. அந்தப் படம் எடுப்பதற்கு முன் சாதாரணக் காண்டாக்ட் லென்ஸை இரண்டு வாரமேனும், கெட்டியான வகையை அதற்கும் அதிகமான காலமும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். லென்ஸ் அழுத்திக் கருவிழியின் உருவை மாற்றியிருக்கும் ஆகையால், முந்தின நாள் வரை அணிந்துவிட்டு இன்று படம் எடுப்பது, கோணிய தராசில் பொன் நிறுப்பதை ஒக்கும்.

ஒரு குடும்பத்தை இங்கே நினைவுகூர்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன. பெண்ணின் கருவிழி கனத்திலும் குறைவு. படத்தில் கீழ்ப்பகுதி செம்மஞ்சள் நிறமாகப் புடைத்தும் தெரிந்தது. மருத்துவர் நிதானமாக எடுத்துச் சொல்லி, செய்யலாகாது என்றார். தகப்பனார், பணம் எவ்வளவானாலும் தருவதாகச் சொன்னார், பிறகு கோபித்தார், கடைசியில், “நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்” என்று எழுந்து போய்விட்டார். ஏழெட்டு மாதம் கழித்து அவரே அந்தப் பெண்ணை அழைத்து வந்தார். வேறு இடத்திலும் வேண்டாமென்றே சொல்லியிருந்தார்கள். இதற்குள் எந்தக் கத்தியும் லேசரும் தீண்டாமலே ஒரு கண்ணில் கூம்பு தெளிவாகத் தோன்றியிருந்தது. ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் சொட்டை விட்டுப் புறஊதா ஒளியைப் பாய்ச்சிக் கருவிழியைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சையைச் செய்து, அந்த அளவில் அதை நிறுத்த முடிந்தது. மூன்று வார அவசரத்துக்கு இணங்கி யாரேனும் அந்தக் கருவிழியைச் சீவியிருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. ஆகையால், மருத்துவர் ஒருவர் உங்கள் மகளைப் பரிசோதித்து, வேண்டாம் என்று சொன்னால், அவரை வணங்கி வீட்டுக்கு வாருங்கள். அந்தச் சொல்லால் அவருக்கு வருமானம் இல்லை, உங்களுக்குத்தான் லாபம்.

தகுதியுள்ள கண் என்றே தீர்மானமாகிவிட்டால் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், அந்நாட்டுத் தேசியக் கண் நிறுவனத்தோடும் பாதுகாப்புத் துறையோடும் சேர்ந்து, கடற்படையினரும் பொதுமக்களுமாக 574 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2017இல் வெளிவந்தது. மருத்துவர் எழுதியதைக் கொண்டு நில்லாமல், சிகிச்சை பெற்றவரையே நேரே கேட்டு எழுதியது அதன் சிறப்பு. சிகிச்சைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம், ஒளிக்கதிர் சிதறல், இரட்டை நிழல் ஆகிய குறை எதுவும் இல்லாதிருந்தவர்களில் 43 முதல் 46 சதவிகிதத்தினர், மூன்றாம் மாதத்தில், இவற்றுள் ஏதாவது ஒன்றைப் புதிதாக உணர்ந்தார்கள். கண் வறட்சி முன்பு இல்லாதவர்களில் ஏறத்தாழ 28 சதவிகிதத்தினருக்கு அப்போது வறட்சி இருந்தது. இதே ஆராய்ச்சியில், இக்குறைகளால் அன்றாட வேலையே மிகவும் கஷ்டமாகிவிட்டது என்றவர்கள் நூற்றுக்கு ஒருவரும் இல்லை. தம் பார்வை திருப்தியளிக்கிறது என்றவர்கள் 95 சதவிகிதத்துக்கு மேல். முன்பு இருந்த குறைகள் சிகிச்சைக்குப் பின் நீங்கப்பெற்றவர்களும் அதில் உண்டு. இவ்விரண்டு பக்கத்தையும் சேர்த்தே நீங்கள் படிக்க வேண்டும். திருப்தியடைந்தவர்களுக்குள்ளேயே, இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒரு வளையத்தைக் காண்பவர்களும், குளிர்சாதன அறையில் கணினியின் முன் அமர்ந்தபடி மணிக்கொருமுறை சொட்டு மருந்து விட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

வறட்சி ஏன் வருகிறதென்றால், கருவிழியைச் சீவும்போது அதிலுள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன; கண்ணீர் சுரக்கவும் இமை கொட்டவும் ஏவுவது அந்த நரம்புகளே. அவை மீண்டும் வளர மாதங்கள் ஆகும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் ஓராண்டுக்குள் இந்தத் தொல்லை தணிந்துவிடுகிறது, சிலருக்கு நீடிக்கிறது. மிக அபூர்வமாக, விளக்கை வைத்துப் பார்த்தால் கண்ணில் யாதொரு குறையும் தென்படாத நிலையிலும், எரிச்சலும் வலியும் இடைவிடாமல் வருத்துவதுண்டு. அது நரம்பின் நோய். “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது” என்று அந்த நோயாளியிடம் சொல்வதைக் காட்டிலும் கொடிய சொல் வேறில்லை. அத்தகைய துன்பம் உங்கள் வீட்டில் யாருக்கேனும் நேர்ந்தால், முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். உடலின் வலிக்கும், அதனால் உண்டாகும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே சிகிச்சை தேடுங்கள்.

இப்போது கல்யாணத்துக்கும் இதற்கும் உள்ள நாள் கணக்கைப் பார்ப்போம். மேலே சொன்ன ஒளிவட்டமும் வறட்சியும் மிகுந்து நிற்பவை முதல் மூன்று மாதங்கள். நீங்களோ முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பு சிகிச்சைக்கு நாள் கேட்கிறீர்கள். கண்ணைக் கசக்கக்கூடாது, தலைக்குக் குளித்துக் கண்ணில் நீர் விடக்கூடாது, மை தீட்டக்கூடாது, தூசியிலும் புகையிலும் நிற்கக்கூடாது என்று மருத்துவர் விதிக்கும் காலத்தில், உங்கள் மகளுக்கு நலங்கு வைத்து, எண்ணெய் தேய்த்து, இமைக்கு மை எழுதி, ஓமப் புகையின் எதிரே இரண்டு மணி நேரம் அமர்த்துகிறீர்கள். போதாததற்குப் புகைப்படக்காரர்களின் விளக்குகள் வேறு. மூடி சீவும் முறையாயின், அந்த மூடி முதல் நாட்களில் ஒரு சிறு கசக்கலிலும் நழுவக்கூடும். மூடி இல்லாமல் மேல்தோலை நீக்கிச் செய்யும் பி.ஆர்.கே. முறையாயின், முதல் மூன்று நான்கு நாட்கள் கடுமையான வலியும், பார்வை முழுத் தெளிவு பெற வாரக்கணக்கான காலமும் உண்டு. விடும் ஸ்டீராய்டு சொட்டு கண்ணழுத்தத்தை ஏற்றுகிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று உங்கள் மகளே விரும்பினால், ஆறு மாதமாவது முன்னதாகச் செய்யுங்கள். இல்லையேல் கண்ணாடியோடு மணையில் அமர்த்துங்கள்.

கல்யாணத்தை ஒட்டிய இன்னொரு விஷயமும் உண்டு. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் உடலின் சுரப்புகள் மாறுவதால் கண்ணின் பவரும் ஈரமும் மாறக்கூடும்; அந்தக் காலத்தில் அளவெடுப்பதும் சிகிச்சை செய்வதும் தகாது. பவர் ஓராண்டாவது மாறாமல் நிலைத்திருக்க வேண்டும் என்பதும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் எங்கும் உள்ள நிபந்தனைகள். பத்தொன்பது வயதில் ஆண்டுக்கு அரை டயாப்டர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இன்று பவரைப் பூஜ்யமாக்கினாலும், அந்தக் கண் வளர்வதை லேசர் தடுக்காது. முடக்குவாதம், லூபஸ் முதலிய நோய்கள் உள்ளவர்கள் அவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காயம் ஆறும் விதம் அவற்றால் கெடும்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இடையே ஒரு வார்த்தை. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கான அறிவிப்புகளில், லேசிக்கோ, பார்வையைத் திருத்தும் வேறு அறுவையோ செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று எழுதியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பையன் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்று எண்ணி, கழற்றியதனாலேயே வேலையை இழப்பது என்ன பரிதாபம்! சீருடை வேலை எதற்கு முயல்கிறவரும் முதலில் அந்த அறிவிப்பின் மருத்துவப் பகுதியைப் படித்துவிட்டு வரட்டும்.

முறைகளின் பெயர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். லேசிக், பி.ஆர்.கே., சிறு துவாரத்தின் வழியே திசுத்துண்டை உருவி எடுக்கும் ஸ்மைல், கருவிழியைச் சீவாமல் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் பதிக்கும் முறை என ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கண்ணும் அதற்குரிய அபாயமும் உண்டு. ‘கத்தியில்லாத சிகிச்சை’ என்று பலகையில் எழுதியிருப்பதைக் கண்டு அறுப்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒளியால் அறுத்தாலும் அறுத்தது அறுத்ததுதான்.

நாற்பது வயதைப் பற்றி யாரும் உங்கள் மகளிடம் பேசியிருக்க மாட்டார்கள். இருபத்து நான்கு வயதில் அது கண்ணுக்கெட்டாத தூரம். நம் முன்னோர் சாளேசரம் என்றும் வெள்ளெழுத்து என்றும் சொன்ன நிலை, கண்ணுக்குள் உள்ள லென்ஸ் இறுகுவதால் வருவது. கருவிழியைத் திருத்தும் லேசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே சிகிச்சை செய்துகொண்டவரும் நாற்பதைக் கடந்தபின் பத்திரிகை படிக்கக் கண்ணாடி தேடுவார். மைனஸ் 3 பவர் உள்ள ஒருத்தி, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஓர் அடிக்கு மேல் சற்றுத் தள்ளி வைத்த புத்தகத்தை எந்த வயதிலும் துல்லியமாகப் படிப்பாள், ஊசியில் நூல் கோப்பாள். அவளுடைய தோழிகள் எல்லோரும் படிப்புக்கண்ணாடிக்கு அலையும் காலத்தில் அவளுக்கு அது ஒரு செல்வம். லேசர் செய்துகொள்பவள் அந்தச் செல்வத்தைக் கொடுத்துத் தூரப் பார்வையின் சுதந்திரத்தை வாங்குகிறாள். பதினைந்து ஆண்டுச் சுதந்திரத்துக்கு அது தகுந்த விலைதான் என்று அவள் எண்ணினால் நல்லது. விலை உண்டு என்பது தெரிந்து வாங்கட்டும்.

இதைவிட முக்கியமானது விழித்திரை. மைனஸ் 8 பவருள்ள கண், லேசருக்குப் பின் சுவரில் உள்ள கடைசி வரியைப் படித்தாலும், உள்ளே அதே நீண்ட கண்தான். சாதாரணக் கண் முன்பின்னாக 23, 24 மில்லிமீட்டர் இருக்க, இது 26ஐயும் தாண்டியிருக்கலாம். அந்த நீட்சியில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கிறது. துளை விழவும், பிரிந்துவரவும், கண்ணழுத்த நோய் தோன்றவும் அதற்குள்ள அபாயம் லேசரால் அணுவளவும் குறைவதில்லை. கண்ணாடி போனதும் கண் டாக்டரையே மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் பெருங்கவலை. ஆண்டுக்கொருமுறை சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று மிகுந்த கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைப்பு, இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே ஓட வேண்டும். உங்கள் மகளுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் கிட்டப்பார்வை வரலாம். ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம், “எங்கள் பெண்ணுக்குக் கண்ணில் குறையே கிடையாது” என்று சொல்லாமல், சிகிச்சை செய்ததைச் சொல்லிவிடுவதே முறை.

பவரைக் குறித்துக்கொடுக்கும் வேளையில் நான் சில சமயம் தாயாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “உனக்கு இது வேண்டுமா அம்மா?” என்று பெண்ணைக் கேட்பதுண்டு. பலர் மகிழ்ச்சியோடு வேண்டும் என்பார்கள். நீந்த வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும், மழையில் வண்டி ஓட்ட வேண்டும் என்று தங்கள் காரணங்களைச் சொல்வார்கள். ஒருத்தி மட்டும், கண்ணாடியை மடித்துக் கூட்டில் வைத்து, மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கு இது ஒரு பாரமாகவே இல்லை சார். அந்த வீட்டில்தான் கேட்டார்களாம்” என்றாள். நான் அந்தத் தாயாரை உள்ளே அழைத்து, பெண் சொன்னதை அவள் முன்னிலையிலேயே சொன்னேன். அந்த அம்மாள் சிறிது நேரம் பேசாதிருந்து, பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கேள்வியை என் அறைக்கு வருவதற்கு முன்பே, உங்கள் வீட்டுக் கூடத்தில், நீங்கள் கேட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். கேட்டபின் வரும் பதில் எதுவானாலும் அதன்படி நடங்கள்.

அவள் விரும்பி, மருத்துவரும் இசைந்து, சிகிச்சை நடந்தேறுமானால் கடைசியாக ஒரு காரியம் செய்யுங்கள். சிகிச்சைக்கு முன் இருந்த பவர், கருவிழியின் வளைவு, அதன் கனம், நீக்கிய அளவு இவையெல்லாம் எழுதிய தாள்களையும் அந்த வண்ணப் படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறுபது வயதில் அவளுக்குக் கண்புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்க வேண்டியிருக்கும்போது, திருத்தப்பட்ட கருவிழியின் அளவை மட்டும் கொண்டு கணக்கிட்டால் பவர் தவறக்கூடும். மெலிந்த கருவிழியில் கண்ணழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அப்போது நீங்களும் இருக்க மாட்டீர்கள், சிகிச்சை செய்த மருத்துவரும் இருக்க மாட்டார். படித்த சான்றிதழ்களையும் ஜாதகத்தையும் வைத்து அனுப்பும் அந்த உறையிலேயே இந்தத் தாள்களையும் வைத்து, இன்னது இதற்காக என்று மேலே உங்கள் கையால் எழுதி, அவளோடு கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
கண் பரிசோதனை அறையில் உங்கள் மக்களோடு அமர்ந்திருந்த ஒருவன்